கேமராவுக்கு முன்னால் ராஜாராம்

எங்கள் ஸ்டூடியோ முதலாளி வினோத்குமாருக்குக் கேமரா என்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கையில் பிடிக்கிற கேமரா இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேமரா. போட்டோக்களை வெட்டியெடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டு நிறுத்திவைப்போம். இல்லாத அந்தக் கேமராவை அவற்றின் நடுவே ஓட்டினால், கல்யாண மண்டபத்து எல்.இ.டி. திரையைப் பார்ப்பவர்களுக்குத் தாங்களே உள்ளே போவது போல இருக்கும். அதை எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் என் வேலை. பின்னால் நின்று யோசனை சொல்வது அவர் வேலை. காதுகுத்துக்கும் சுற்றச் சொல்வார், கருமாதிக்கும் சுற்றச் சொல்வார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வைத்துக்கொண்டு மனுஷனுக்கு அத்தனை மிதப்பு.

அன்றைக்கு எங்கள் தெரு மலர்க்கொடி அத்தை வந்தார். மறுநாள் சாயங்காலம் அவர் மகள் தமிழ்ச்செல்விக்கு ரிசப்ஷன். இறந்துபோன கணவர் கோபால் மாமாவின் படம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. நூறு நாள் வேலையில், ஏரிக்கரையில் மண்வெட்டியோடு நிற்கும்போது யாரோ போனில் எடுத்தது.

"பிரிஸ்கில்லா கண்ணு, பொண்ணு மேடை ஏறசொல்லோ அவ நைனா தெரியணும். எல்லாருக்கும் முளுசா தெரியணும். வேற இன்னா கேக்கப்போறேன்?"

"நான் பாத்துக்கறேன் அத்த," என்றேன்.

அத்தை படியிறங்கியதும் வினோத்குமார் ராஜாராமின் படத்தை நீட்டினார். ராஜாராம் எங்கள் ஊரின் பெரிய நிலக்காரர். கோபால் மாமா ஆயுசெல்லாம் உழைத்தது அவர் கழனியில்தான். மாமா செத்த அன்று எட்டிக்கூடப் பார்க்காத மகானுபாவர். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் 'தலைமை' என்று போட்டு அவர் பெயரைத்தான் அடித்திருந்தார்கள். அது இல்லாமல் எங்கள் தெருவில் பத்திரிகை அடிக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"ஐயா மூஞ்சிதான் முன்னாடி வரணும். பெருசா வரணும். தை மாசம் அவர் புள்ள கல்யாண ஆர்டர் கீது."

"கோபால் மாமாதாண்ணா பொண்ணோட அப்பா."

"இருக்கட்டும். பின்னாடி கீறாரு இல்ல? போதும்."

எங்கள் பக்கத்தில் மரியாதையை முகத்தின் அளவில்தான் காட்டுவார்கள். பேனரில் பெரிய மனிதர் முகம் சிறுத்துவிட்டால் அடிதடியே நடக்கும். வினோத்குமார் என்னை எழுப்பிவிட்டு மவுஸைப் பிடித்தார். படத்தை நின்ற இடத்திலேயே பெரிதாக்கத் தனியாக ஒரு வசதி இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. ராஜாராமை அப்படியே கேமராவை நோக்கி இழுத்தார். கிட்டே வர வர முகம் பெருத்தது. அது பெருக்கப் பெருக்க இவருக்குப் பூரிப்பு. கடைசியில் லென்ஸை முட்டுகிற தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் கோபால் மாமாவின் தலைமுடிகூடத் தெரியவில்லை.

"சூப்பர். இப்ப கேமரா அப்டியே உள்ள போவணும். சினிமா கணக்கா. ஐயாகிட்ட நிக்கவே கூடாது."

"உள்ளயாண்ணா? நிச்சயமா?"

"சொன்னத செய்ம்மே. பேஜார் பண்ணாத."

எரிச்சலாக வந்தது. அப்புறம் சிரிப்பாக வந்தது. முன்னால் நிற்கிற படத்தை நோக்கிக் கேமராவை ஓட்டினால் என்ன ஆகும் என்று இத்தனை வருஷமாகத் தொழில் பண்ணுகிற மேதைக்குத் தெரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. சொன்னதைச் செய்தேன். கேமரா எங்கே போய் முடிய வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை, அதை நானே முடிவுசெய்தேன். போட்டுக் காட்டியபோது முதல் காட்சியில் ராஜாராம் முகத்தைப் பார்த்தார். போன் வந்தது. "ஓகே, ஓகே" என்று போய்விட்டார்.

மறுநாள் மண்டபத்தில் ராஜாராம் மேடைமேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து காலில் விழுவார்கள் என்று தோள் துண்டைச் சரிசெய்தபடி இருந்தார். அவர்கள் படியேறியதும் நான் வீடியோவை ஓட்டினேன்.

மேடைக்குப் பின்னால் இருந்த திரை முழுக்க ராஜாராம். கைதட்டினார்கள். கேமரா உள்ளே நகர்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடி திரைக்கு வெளியே போனது. மீசை போனது. மூக்கு மட்டும் திரைகொள்ளாமல் நின்றது, உள்ளே இருந்த ஒவ்வொரு மயிரும் தாம்புக்கயிறு தடிமனுக்கு. "டேய், மூக்குடா!" என்று பிள்ளைகள் கத்த, மண்டபமே சிரித்தது. கேமரா நிற்கவில்லை. இடது மூக்கு ஓட்டைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தப் பக்கம் கோபால் மாமா நின்றுகொண்டிருந்தார். தலை முதல் பாதம் வரை, திரை உயரத்துக்கு. சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது.

பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடிவந்தார் வினோத்குமார்.

"அடிப்பாவி! இன்னா பண்ணி வெச்சிக்கீற? கேமராவ நவுத்து! ஐயா பாத்துக்கினு கீறாரு!"

"நவுராதுண்ணா. அங்கதான் நிக்கும். அதுக்கு மேல போறதுக்கு ஒண்ணும் இல்ல."

"நாளைலேந்து கடைப்பக்கம் வராத!"

"வரல," என்றேன்.

மேடையில் ராஜாராம் எழுந்து ஆசீர்வாதக் கையைத் தூக்கியபடி நின்றார். தமிழ்ச்செல்வி மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, திரையில் தெரிந்த அந்தக் காலடியில் விழுந்தார்கள்.

"இந்தாய்யா, உம் பொண்ணப் பாரு! மாப்பிள்ளையப் பாரு!" என்று மேடைக்குக் கீழே இருந்து மலர்க்கொடி அத்தை திரையைப் பார்த்துக் கத்தினார்.