வாங்க மறுத்துவிட்டார்

"அங்கேயே நில்லு," என்றாள் ரிட்டர்ன் அக்கா.

அண்ணன் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதோடு வாசலிலேயே நின்றான். உள்ளே கூடத்தில் அம்மா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. ஒன்பது வருஷமாக எட்டிப் பார்க்காதவனுக்கு இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்? பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஃபோன் போட்டிருப்பார். மனுஷருக்கு வாய் சும்மா இருக்காது.

ரிட்டர்ன் அக்கா என்பது தபால் நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர். திரும்பி வரும் கடிதங்கள் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். கதவு எண் இல்லாதது, பின்கோடு தப்பானது, 'தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு' என்று மட்டும் எழுதியது. பதினெட்டு வருஷமாக இதே பிழைப்பு. கவுண்டருக்கு வருகிறவர்களையும் விடமாட்டாள்.

"அனுப்பறவங்க விலாசம் இடது மூலையில, சின்னதா. வாங்கறவங்க விலாசம் நடுவுல, பெருசா. கதவு எண்ணை விட்டுட்டீங்களே, தபால்காரர் என்ன ஜோசியம் பார்ப்பாரா?"

அம்மாவுக்கும் இதையே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். அம்மா எழுதும் கவரில் ஒரு புள்ளி பிசகாது. அதனால்தான் அண்ணன் மேல் ரிட்டர்ன் அக்காவுக்கு அத்தனை ஆத்திரம். அப்படி விலாசம் எழுதிய கடிதம் திரும்பி வருகிறதென்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். வாங்க மறுத்துவிட்டார்.

அண்ணனுக்கு வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவாள் அம்மா. ஒரு மாதம் கழித்து, வேலை முடிந்து வரும் மகளிடம், கவரில் ஒட்டியிருக்கும், திரும்பிய காரணத்தை டிக் செய்த சீட்டைத் தூர இருந்தே காட்டுவாள். "வந்துடுச்சு பாரு." மகள் அதைக் கையால்கூடத் தொட்டதில்லை. நாள் முழுக்கப் பார்த்துச் சலித்ததை வீட்டுக்கு வந்தும் பார்க்கணுமா?

"அம்மா முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேம்மா," என்றான் அண்ணன்.

"உசிரோட இருந்தப்போ பார்க்கத் தோணல. இப்ப என்ன வந்துச்சு?"

"நீதானே வரக்கூடாதுன்னே?"

"நானா?"

"அம்மா எழுதினாங்களே. 'நீ வந்தா அவ வீட்டை விட்டே போயிடுவாளாம், வராதே'ன்னு. எனக்கு வந்தது அந்த ஒரு கடிதம்தான். அதுக்கப்புறம் நான் போட்ட எதுக்கும் பதிலே இல்ல."

செத்தவள் தலையில் பழியைப் போடுகிறான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று போய் அலமாரியிலிருந்து கடிதக் கட்டை எடுத்துவந்து அவன் கையில் திணித்தாள். "அப்ப இந்தப் பதினேழும் யாருக்குப் போச்சு? உன் ஆவிக்கா?"

ஒன்றை உருவிப் பார்த்தான். "சத்தியமா இதை நான் பார்த்ததே இல்ல."

"புளுகாதே!" என்று பிடுங்கினாள். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாகவே கவரைத் திருப்பி தபால் நிலைய முத்திரையைத் தேடியது.

முத்திரை இல்லை. முன்பக்கத்து ஸ்டாம்ப் வாங்கிய அன்று போலவே சுத்தமாக இருந்தது. சீட்டில் தபால்காரரின் கையெழுத்து இல்லை. அவள்தான் ஆபீசில் மிஞ்சிய வெற்றுச் சீட்டுகளை, சாமான் குறித்து வைக்க உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுவருவாள். 'வாங்க மறுத்துவிட்டார்' என்பதற்கு நேராக நீல மையில் ஒரு டிக். அது அம்மாவுடைய பேனா.

அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்தது. பதினேழும் இந்த வீட்டை விட்டு நகர்ந்ததே இல்லை. அண்ணன் போட்ட கடிதங்கள் பகலில் வரும்போது வீட்டில் இருந்ததும் அம்மா மட்டும்தான்.

"ஐயோ," என்றாள்.

பழைய கவர் ஒன்றைக் கிழித்தாள். யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் அம்மா உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். 'அவளுக்கு உன் ஊருக்கே மாற்றல் வாங்கித் தரேன், ஒரு நல்ல இடமா பார்க்கறேன்னு நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவளும் போயிட்டா எனக்கு யாரு? உன் மேல கோபம் இருக்கிறவரைக்கும் அவ எங்கயும் போகமாட்டா.'

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. 'நான் எப்ப அங்க வரட்டும்னு அண்ணனுக்கு எழுதிக் கேளும்மா' என்று நச்சரித்ததே அவள்தான். துணிக்குக் கீழே கிடப்பவளை உலுக்கி எழுப்பி, "நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றான் அண்ணன்.

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "உன்னைத்தான் விசாரிச்சிருக்காங்க. கதவு எண் தப்பு. அதான் வந்து சேரல."

அண்ணன் கையிலிருந்த கவரைப் பார்த்தான். கதவு எண் சரியாகத்தான் இருந்தது. கவர்களை எல்லாம் சேர்த்து அவளிடமே கொடுத்தான்.

"உள்ள வா," என்றாள்.

மத்தியானம் மயானத்துக்குப் போக வண்டி வந்தது. பின்னால் அம்மாவோடு உட்கார ஒருத்தருக்குத்தான் இடம் என்றான் டிரைவர். "அவதான் உட்காரணும். அம்மாவை ஒரு நாள் பிரிஞ்சிருப்பாளா?" என்றார் தையல்காரர்.

"அண்ணன் உட்காரட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் போய் ஏறிக்கொண்டாள்.

கடைத்தெருவைத் தாண்டி வண்டி பெரிய ரோட்டுக்கு வந்தது. தூசு அடிக்கிறதே, கண்ணாடியை ஏற்றிவிடட்டுமா என்று கேட்டான் டிரைவர். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இந்த ரோட்டுல நேரா போனா எந்த ஊர் வரும்?"

"நாம அவ்வளவு தூரம் போகலம்மா," என்றான் அவன். "அடுத்த வளைவுலயே திரும்பிடுவோம்."