மதார் சாகிபு மிச்சம் பிடித்த மைல்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் தலைக் கறிக்காகக் காத்திருந்தபோது, பக்கத்து மேசையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாங்க நினைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் மிகக் குறைவாக ஓடியிருக்கிறதாம். "கொறைவா ஓடியிருந்தா புதுசு மாதிரி லா" என்றார் அவர். "அப்ப ஏன் ஓடலைன்னு கேட்டியா?" என்றார் மற்றவர். என் மீன் தலை வந்தது. அவர்கள் முடிவுக்கு வராமலே காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் மீனைத் தின்றுவிட்டு, அவர்கள் விட்டுப்போன வழக்கை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

(எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை அடைப்புக்குறிக்குள் சொன்னால் உங்கள் கண்ணில் படாது என்று ஒரு நப்பாசை.)

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

முதலாவது: "பத்தாங் பெர்ஜுந்தாயின் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே வானம் மெல்ல..." வானத்தில் தொடங்கினால் கதை தரைக்கு வந்து காரில் ஏறுவதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "தோட்டத்துச் செம்மண் சாலையில் அந்தச் சிவப்புக் கார் சீறிப் பாய்ந்து..." இது பச்சைப் பொய். அந்தக் கார் வாழ்நாளில் சீறியதும் இல்லை, பாய்ந்ததும் இல்லை. அதுதான் கதையே.

மூன்றாவது இது: காரின் மேல் போர்த்தியிருந்த கட்டில் விரிப்பை மதார் சாகிபு எடுத்தார்.

இதை வைத்துக்கொண்டேன். கட்டில் விரிப்பு அவர் மனைவி ஹமீதாவுடையது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்தது, பூப்போட்டது. கார் வந்த நாளிலிருந்து கட்டிலுக்கு விரிப்பு இல்லை.

3

ஆண்டு 1986. மதார் சாகிபு பத்தாங் பெர்ஜுந்தாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சம்பள நாளில் தோட்டத்துக் குடும்பங்கள் சாமான் வாங்க டவுனுக்கு வந்தால், அவர் கடையில் ரொட்டி சாப்பிடாமல் திரும்பியதில்லை. சிக்கனக்காரர். கறியில் உருளைக்கிழங்கை அவர் கையால் எண்ணித்தான் போடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் கோலாலம்பூருக்கு அரிசி விலை விசாரிக்கப் போனவர், சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து இறங்கினார்.*

* எந்தக் கம்பெனிக் கார் என்று கேட்காதீர்கள். பெயரை எழுதினால் கார் தெரிந்த வாசகர்கள் பக்கத்துக்குப் பக்கம் என்னைத் திருத்துவார்கள்.

அன்றைக்கு ஹமீதா கடை வாசலில் கை துடைத்தபடி நின்றாள். அவர் சாவியை ஆட்டிக் காட்டி, "இதுல ஒன்ன பினாங்குக்குக் கூட்டிட்டுப் போறேன், பாரு" என்றார். அவர் அப்போது மனசாரத்தான் சொன்னார். அதை நான் உறுதியாக எழுத முடியும்.

கெடுத்தது காரை விற்ற ஆள். "கொறைவா ஓட்டுங்க பாய். மீட்டர் ஏறாம இருந்தா வெலை எறங்கவே எறங்காது" என்று போகிற போக்கில் சொல்லி அனுப்பியிருந்தான். சிக்கனக்காரர் காதில் இது தேனாகப் பாய்ந்தது. அரிசியை மிச்சம் பிடிக்கலாம், எண்ணெயை மிச்சம் பிடிக்கலாம், மைலையும் மிச்சம் பிடிக்கலாம் என்று அவருக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. கடைப் பின்னால் கொட்டகை போட்டார். காரை உள்ளே விட்டார். சந்தைக்குப் பழையபடி மோட்டார் சைக்கிளில் போனார்.

பினாங்குக்கும் போனார்கள். பஸ்ஸில். "போயிட்டு வந்தா மீட்டர் எங்கேயோ போயிடும் ஹமீதா. பினாங்கு என்ன, பஸ்ஸுல போனா வேற பினாங்கா?" என்றார். ஹமீதா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், தைப்பிங் ஊர் தாண்டும் வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

4

ஆனால் கார் ஓடாமல் இல்லை.

தோட்டத்து மண்டோர் செல்லன் தன் மகள் தங்கமணியின் கல்யாணத்துக்குக் காரைக் கேட்டு வந்தார். வேலையாட்களை மேய்த்துப் பழகிய குரல், அன்று குழைந்தது. "கோயில்லேருந்து லயம் வரைக்கும் பொண்ணு மாப்பிள ஊர்வலம், பாய். அரை மைலுதான்."

அரை மைல்! மதார் சாகிபு மனத்துக்குள் கணக்குப் போட்டார். அரை மைல் எல்லாம் ஒரு மைலா? வாடிக்கைக்காரர் வேறு. ஒப்புக்கொண்டார். வாடகை வாங்கவில்லை, ஆனால் ஸ்டியரிங்கை வேறு யாரிடமும் கொடுக்கவும் இல்லை. பட்டுச் சேலையும் மாலையுமாகத் தங்கமணியை முன் சீட்டை மடக்கிப் பின் சீட்டுக்குள் திணிக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். முழங்கால் தாடையில் இடிக்க அவள் உட்கார்ந்த அழகை அந்தத் தோட்டமே பேசியது. பிறகென்ன, சிவப்புக் கார் வராத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றாகிவிட்டது. பக்கத்துத் தோட்டம், அதற்கும் பக்கத்துத் தோட்டம், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்துகூட ஆள் வந்தது. தூரமாக இருந்தால் காரை லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கச் சொன்னார். லோரியின் மீட்டர் ஏறினால் அவருக்கு என்ன?

இங்கே ஒரு விஷயம். வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் போகும் கல்யாணக் காரின் வேகம் என்ன? நாதஸ்வரக்காரர் நடக்கும் வேகம். அவர் நின்று வாசித்தால் காரும் நிற்கும். லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுப்பார்கள். அரை மைலுக்கு ஒரு பொழுது போய்விடும். அத்தனை நேரமும் முதல் கியர், பாதி மிதித்த கிளட்ச், மத்தியான வெயில்.

இது காருக்கு ஆகாது என்று கார் ஓட்டத் தெரியாத எனக்கே தெரிகிறது. மதார் சாகிபுக்குத் தெரியவில்லை. அவர் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

ஹமீதாவைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் வரைவில் அவளுக்கு ஒரே ஒரு வரிதான்: "ஹமீதா தேநீர் கொண்டு வந்து வைத்தாள்." அடுத்த முறை படித்தபோது அந்த வரியைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தேநீரை வைத்துவிட்டு அவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். சரி, என்னதான் சொல்கிறாள் என்று விட்டுப்பார்த்தேன்.

"ஊர்ல உள்ள பொண்ணெல்லாம் அந்தக் கார்ல உக்காந்தாச்சு" என்றாள். "நான்தான் இன்னும் உக்காரல. என்னைக் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா அதை வித்துடுங்க. என் விரிப்பையாவது குடுங்க."

இரண்டில் ஒன்று. கணவன் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"விக்கிறதா இருந்தா இதான் சரியான நேரம்" என்றார் மதார் சாகிபு உற்சாகமாக. "மீட்டரு நாலாயிரத்தையே தொடல!"

ஹமீதா காலி கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள். அவள் நெஞ்சு எவ்வளவு நொந்தது என்பதை அழகாகச் சொல்ல இரண்டு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நொந்தது. அவ்வளவுதான்.

6

வாங்க வந்தவர் கிள்ளானிலிருந்து சிவானந்தம், காப்புறுதி ஏஜண்டு. இவரை முதலில் ஏமாற்றுக்காரராக எழுதி, கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தேன். அவர் ஒழுங்கான மனிதராகப் பேசிக்கொண்டே போனதால் கண்ணாடியைக் கழற்றவேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. மீட்டரைப் பார்த்ததும் சிவானந்தத்தின் முகம் மலர்ந்தது. மதார் சாகிபின் முகம் அதைவிட மலர்ந்தது. பிறகு சிவானந்தம் குனிந்து கீழே பார்த்தார். கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பல்லிளித்தது.

"பாய், மனசுல வச்சுக்காதீங்க. இது பின்னால சுத்தி விட்ட மீட்டர்."

மதார் சாகிபுக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. ஆறு வருஷம் பொண்டாட்டியைக்கூட ஏற்றாமல் காப்பாற்றிய மீட்டர்! "நானா சுத்துனேன்? இருங்க, சாட்சி கூப்பிடுறேன்" என்று மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பினார். சற்று நேரத்தில் செல்லன் வந்தார், இடுப்பில் பிள்ளையோடு தங்கமணி வந்தாள், எல்லா ஊர்வலத்துக்கும் வாசித்த நாதஸ்வரக்காரர் செல்லையா வந்தார்.

"பாய் பொய் சொல்ல மாட்டாரு" என்றார் செல்லையா. "அரை மைலு, நான் ரெண்டு மணி நேரம் வாசிப்பேன். எம் முதுகுக்குப் பின்னாடியே உறுமிக்கிட்டு வரும். ஒரு நாளும் என்னை முந்துனதில்ல."

"நிக்கிறப்ப இஞ்சினை அணைப்பாரா?"

"அணைக்கவே மாட்டாரு" என்றாள் தங்கமணி பெருமையாக. "எனக்கு உள்ள வேர்த்து ஊத்துச்சு. ஏதோ கருகுற வாடை வேற. ஓமப் பொகைன்னு நெனச்சேன்."

"என் மக கல்யாணத்துல முன்னாடிலேருந்து ஆவி வந்துச்சு, பாய் தண்ணி ஊத்துனாரு" என்று செல்லன் தன் பங்குக்குச் சேர்த்தார்.

ஒவ்வொரு சாட்சிக்கும் மதார் சாகிபு "பாத்தீங்களா?" என்று தலை நிமிர்ந்தார். ஒவ்வொரு சாட்சிக்கும் சிவானந்தம் ஓர் அடி பின்னால் போனார்.

"பாய்" என்றார் கடைசியில், "நான் நம்புறேன். ஒங்க மீட்டர் சுத்தமான மீட்டர். அதனாலதான் வேணாம்ங்கிறேன். சுத்தி விட்டிருந்தாக்கூட, நல்லா ஓடுன காருன்னு ஆறுதலா வாங்கியிருப்பேன்."

 மதார் சாகிபு மீட்டரையே பார்த்தார். அது உண்மையைத்தான் சொன்னது. எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு எவ்வளவு தூரம் என்று சொன்னது. எப்படிப் போனீர்கள் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

(மீன் தலைக் கடையில் சண்டை போட்டவர்களே, இதுதான் என் தீர்ப்பு. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் மேல்முறையீடு செய்யலாம்.)

7

இனி முடிவு.

முடிவு ஒன்று: சிவானந்தம் மனம் இரங்கி, "கிளட்சை நான் மாத்திக்கிறேன், வெலையைக் கொறைங்க" என்கிறார். மதார் சாகிபு கையை நீட்டுகிறார். கார் கிள்ளானுக்குப் போகிறது. ஹமீதாவுக்கு விரிப்பு திரும்பக் கிடைக்கிறது.

முடிவு இரண்டு: பேரம் முறிகிறது. கார் மறுபடி கொட்டகைக்குள். விரிப்பு மறுபடி கார் மேல்.

இரண்டையும் எழுதிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கார் போனாலும் இருந்தாலும் ஹமீதா நின்ற இடத்திலேயே நின்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முதல் முடிவுக்கே போகலாம், கதை என்றால் ஏதாவது விற்க வேண்டும் என்று துணிந்து, "மதார் சாகிபு கையை நீட்டி..." என்று எழுதிக்கொண்டிருந்தபோது கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. சத்தியமாக இல்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹமீதா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வெளியூர் போகும்போது உடுத்தும் சேலை, மடியில் கைப்பை. கண் நேராகச் சாலையைப் பார்த்தது.

"எறங்கு ஹமீதா" என்றார் மதார் சாகிபு. "வெலை பேசிக்கிட்டிருக்கோம்ல."

"பேசுங்க."

"கிளட்சு போச்சாம் புள்ள. பினாங்கு என்ன, கோலசிலாங்கூரைக்கூடத் தாண்டாது."

"ஓடுற வரைக்கும் போவோம்."

"மீட்டர் ஏறிடுமே" என்றார் அவர். பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. செல்லன் தரையைப் பார்த்தார். சிவானந்தம் தொண்டையைச் செருமினார்.

"ஏறட்டும்" என்றாள் ஹமீதா.

சாவி மதார் சாகிபின் கையில் இருக்கிறது. ஒரு பக்கம் சிவானந்தம் சாவிக்காகக் கையை நீட்டியபடி நிற்கிறார். மறுபக்கம் ஓட்டுநர் கதவு. அவர் என்னைப் பார்க்கிறார். நான் எதுவும் சொல்வதாக இல்லை, ஆறு வருஷமாக ஆளாளுக்குச் சொன்னதை அவர் கேட்டது போதும்.

எப்படி முடித்துக்கொள்வதென்று உங்கள் விருப்பம். காரை விற்கலாம், கொட்டகையில் பூட்டலாம், பாதி வழியில் புகைய விடலாம். ஒன்று மட்டும்: எதை எழுதுவதாக இருந்தாலும் அவள் உட்கார்ந்திருக்கும்போதே எழுதுங்கள். அவளை அந்த சீட்டிலிருந்து இறக்கும் வாக்கியம் என்னிடம் கிடையாது.