மீட்டர் அறையின் நீல பல்பு

மாலை ஏழு மணியைத் தாண்டினால் மெஷின் கத்த ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், டிவி ஓடிக்கொண்டிருக்கும், செல்போனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். மின்விசிறி மட்டும் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றும். கரண்ட் இல்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மெஷின் மட்டும் கீ என்று நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும்.

அவள் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி ஓடுவாள். படிக்கட்டுக்கு அடியில்தான் மீட்டர் அறை. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திருகு சுவிட்ச் இருக்கிறது. அதைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பக்கமும் திருப்பலாம். தன் வீட்டுத் திருகைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிவிட்டு மேலே வந்தால் மெஷின் ஓடும். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் கீ. நீலத்துக்கு மாற்றினாலும் அதே கதை. எந்தப் பக்கம் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமே படுத்துவிட்டது.

"நான் லாரி ஓட்டினப்ப போலீஸ்காரன் தொரத்துவான். இப்ப லோ வோல்டேஜ் தொரத்துது" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த கணவர்.

"பேசாம இருங்க. பேசினா மூச்சு செலவாகும்."

அந்த மெஷின் செய்யும் வேலை அழகானது. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றையே உள்ளே இழுத்து, ஒருவகை மணிகள் நிரப்பிய குழாய்க்குள் அழுத்தும். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜனை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சுகிற ஆக்சிஜன் மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு வரும். அழுத்துவதற்கு ஒரு மோட்டார் வேண்டும். இந்தக் காலத்து விளக்கு பாதி வோல்டேஜிலும் சமாளித்து எரியும். மோட்டார் அப்படி இல்லை. குறைந்த வோல்டேஜில் ஓடினால் அது எரிந்துபோகும் என்பதால் மெஷினே தன்னை நிறுத்திக்கொள்ளும். ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினாள். ஓர் அளவுக்குக் கீழே போனால் அதுவும் கைவிரித்துவிட்டது. அவசரத்துக்கு மூலையில் ஒரு சின்ன சிலிண்டர் நின்றது. அதை நிரப்பிவர ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். தினமும் அதை நம்பி இருக்க முடியாது. சுருங்கிப்போன அந்த நுரையீரலுக்கு மெஷின் ஓடியே ஆக வேண்டும்.

ஒருநாள் அவள் திருகை நீலத்துக்கு மாற்றிய பிறகு மேலே போகாமல் மீட்டர் அறையிலேயே நின்று பார்த்தாள். சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று பல்புகள், ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒன்று. எந்த ஃபேஸ் நன்றாக இருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிவதற்காக வைத்தவை. அப்போது சிவப்பும் மஞ்சளும் அழுது வடிந்துகொண்டிருந்தன. நீலம் பளிச்சென்று இருந்தது.

முதல் மாடிக்காரர் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க இங்க நிக்கிறீங்க, வீட்ல சண்டையா?"

மூன்று பல்பையும் ஒரு பார்வை பார்த்தார். தன் திருகை நீலத்துக்குத் தள்ளினார். "நீலம் ஜம்முனு இருக்கு. நீங்க ஏற்கெனவே வந்துட்டீங்களா, கெட்டிக்காரங்கதான்" என்றார், பஸ்ஸில் இடம் பிடித்தவர் பக்கத்து சீட்டுக்காரரைப் பாராட்டுவது போல. பிறகு கட்டிடத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டார்: நீலம் சூப்பர்.

அவ்வளவுதான். செருப்புச் சத்தம் மாடி மாடியாக இறங்கி வந்தது. திருகுகள் ஒவ்வொன்றாக நீலத்துக்குச் சாய்ந்தன. அவள் கண் முன்னாலேயே நீல பல்பு மங்கியது, சிவப்பு பிரகாசமானது. மேலே மெஷின் கத்துவது படிக்கட்டு வழியாகக் கேட்டது. சிறிது நேரத்தில் எல்லோரும் சிவப்புக்கு ஓடிவருவார்கள்.

தெருவிலிருந்து கட்டிடத்துக்கு மூன்று ஃபேஸுக்கும் மூன்று கம்பிகள் வருகின்றன. பதினெட்டு வீடுகளையும் ஆறு ஆறாகப் பிரித்து ஒவ்வொரு கம்பியிலும் கட்டியிருந்தார்கள். அப்படியே இருந்திருந்தால் மூன்றும் தாங்கும். ஒன்று எப்போதாவது பழுதானால் மாற்றிக்கொள்ளட்டும் என்று திருகு வைத்தார்கள். எல்லோரும் நல்ல கம்பியைத் தேடி ஓடியதால் எந்தக் கம்பியும் நல்ல கம்பியாக இல்லை.

காரணம் தெரிந்தபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. காரணம் தெரிந்தால் சொல்லிப் புரியவைக்கலாம் என்று நினைத்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்ப்பவள். பொறுமையாக விளக்குவது அவளுடைய தொழில்.

தேசிய தினத்துக்கு ஏற்பாடு பேச கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். கொடியின் நிறத்தில் கட்டிடம் முழுக்க சீரியல் விளக்கு போட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொன்னார். பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். போன மழைக்கு வெள்ளத்தில் சிக்கியவர்களுக்காகப் போர்வை சேகரித்துத் தானே சுமந்துகொண்டு போனவர். அவர் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள்.

"மூணு பெஞ்ச் இருக்குன்னு வைங்க. ஒரு பெஞ்சுல ஆறு பேர் உக்காரலாம். நாம பதினெட்டு பேர். எல்லாரும் ஒரே பெஞ்சுல ஏறினா அது உடையும். உடனே எந்திரிச்சு அடுத்த பெஞ்சுக்கு ஓடுறோம். அதுவும் உடையுது. நாம தினமும் இதத்தான் பண்றோம். அவங்கவங்க ஃபேஸ்லயே இருந்துட்டா யாருக்கும் டிம் ஆகாது. எங்க வீட்டு மெஷினும் நிக்காது."

எல்லோருக்கும் உடனே புரிந்தது. ஒருவர்கூட மறுக்கவில்லை. "இவ்ளோதானா விஷயம்" என்றார் முதல் மாடிக்காரர். எதிர்வீட்டு அக்காவின் கண் கலங்கிவிட்டது. செயலாளர் அந்த இடத்திலேயே எல்லோரையும் வலது கையை நீட்டச் சொன்னார்.

"இந்தக் கட்டிடம் ஒரு குட்டி நாடு. என் ஃபேஸில் நான் நிற்பேன்."

"என் ஃபேஸில் நான் நிற்பேன்" என்று பதினெட்டு வீடும் திருப்பிச் சொன்னது. கைதட்டினார்கள்.

மறுநாள் மெஷின் கத்தவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவள் எல்லா வீட்டுக்கும் போய் நன்றி சொன்னாள்.

மூன்றாம் நாள் நம் நாட்டு விண்கலம் நிலாவில் இறங்கும் நாள். எல்லா வீட்டிலும் டிவி, எல்லா வீட்டிலும் சொந்தக்காரர்கள், எல்லா அறையிலும் ஏசி. சீரியல் விளக்கு வேறு. மூன்று பல்புகளுமே கொஞ்சம் மங்கின. யாரும் நகராமல் இருந்திருந்தால் அப்படியே தாக்குப்பிடித்திருக்கும். குழுவில் ஒரு வரி வந்தது: மஞ்சள் கொஞ்சம் பெட்டர்.

அவள் கீழே ஓடினாள். யாரையாவது தடுக்கலாம் என்று நினைத்தாள். செயலாளர் மஞ்சளுக்குத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்கதானே உறுதிமொழி சொல்லிக் குடுத்தீங்க."

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நான்தான் கடைசி ஆளு. நீங்களே பாருங்க, எல்லாரும் மாத்திட்டாங்க. நான் மட்டும் மாத்தாம இருந்தா நான்தான் இளிச்சவாயன். வீட்ல விருந்தாளி வேற." கை இன்னும் திருகிலேயே இருந்தது. "நம்ம ஜனம் திருந்தவே திருந்தாது சிஸ்டர். வெளிநாட்டுல ஒருத்தன் இப்படிச் செய்வானா?"

அவர் நடிக்கவில்லை. மனம் நொந்துதான் சொன்னார். அவருக்கு முன்னால் மாற்றியவரும் இதையே நினைத்திருப்பார். அவருக்கு முன்னால் மாற்றியவரும்.

பலகையைப் பார்த்தாள். மஞ்சளுக்கென்றே இருந்த ஆறு வீடுகளைத் தவிர ஒரே ஒரு திருகு மட்டும் வைத்த இடத்தில் சிவப்பில் இருந்தது. எதிர்வீட்டு அக்காவுடையது.

அவள் வீட்டுத் திருகும் அந்த ஆறில் ஒன்று. கூட்டம் அங்கேதான் ஏறியிருந்தது. மாற்ற கையை நீட்டியபோது மூன்று பல்பும் ஒன்றாக அணைந்தன. தெருப் பெட்டியில் மூன்று கம்பிக்கும் பொதுவான பெரிய சுவிட்ச் பாரம் தாங்காமல் விழுந்திருந்தது. எதிர்ச் சாரிக் கட்டிடங்களிலிருந்து ஆரவாரம் கேட்டது. விண்கலம் இறங்கிவிட்டது.

மேலே போனபோது கணவர் சிலிண்டரை மூக்கில் மாட்டிக்கொண்டு, செல்போன் திரையில் கண்ணீர் வடியப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா. நம்ம பசங்க. காத்தே இல்லாத எடத்துல எறக்கிட்டானுங்க." மூச்சு வாங்கினார். "என்னையும் அனுப்பிருக்கலாம். எனக்குப் பழகின எடம்."

அவள் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். அது சிவப்புக் கோட்டுக்குள் இறங்கியிருந்தது. லைன்மேன் வந்து சுவிட்சைப் போடுவதற்குள் அவர் உதடு நீலமாகிவிட்டது. எதிர்வீட்டு அக்காவும் அவளும் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது மறுபடி நடக்கக் கூடாதுங்க. நடந்தா நீங்க இங்க கொண்டு வர்றதுக்கு நேரம் இருக்காது."

தேசிய தினத்தன்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காலையில் கார் நிறுத்துமிடத்தில் கொடி ஏற்றினார்கள். பதினெட்டு வீடும் விறைப்பாக நின்றது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள்கூட அசையவில்லை. முதல் மாடிக்காரருக்குக் குரல் உடைந்தது. அவளும் விறைப்பாகத்தான் நின்றாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவர்கள் யாரும் போலிகள் இல்லை. எல்லையில் போய் நில் என்று சொன்னால் இதில் பாதிப் பேர் போவார்கள். மாலையில் ஒரு திருகைத் தொடாமல் இரு என்றால் எதிர்வீட்டு அக்காவைத் தவிர ஒருவராலும் முடியாது. எல்லைக்கு எல்லோரும் சேர்ந்து போவார்கள். திருகைத் தொடாமல் இருப்பவர் தனியாக இருக்க வேண்டும்.

சீரியல் விளக்குக்காக இவர்கள் கட்டிடத்துக்குப் பேட்டையில் முதல் பரிசு கிடைத்தது.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் பேசிப் பார்க்கவில்லை. மின்வாரியத்தில் கேட்டாள், திருகுகளை எடுத்துவிட எல்லா வீடும் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். செயலாளர் சம்மதித்தார், மற்றவர்கள் சம்மதித்தால்.

கடையில் ஒருநாள் ஒருவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்பது வழக்கம். ஆள் சும்மா சொல்கிறாரா என்று சோதிக்க நடுவில் ஒருதரம் மாற்றுவது போலக் கையை அசைத்துவிட்டு அதே லென்ஸையே மறுபடி வைப்பாள்.

"இரண்டாவதுதாங்க. நல்லா பளிச்சுனு இருக்கு" என்றார் அவர், சந்தேகமே இல்லாமல்.

அவள் அந்த லென்ஸை வெளியே எடுத்து ஒருதரம் பார்த்தாள். பிறகு பரிசோதனையை முடித்து, சீட்டு எழுதிக் கொடுத்து, பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மத்தியானம் மீட்டர் அறையில் யாரும் இல்லை. தன் வீட்டுத் திருகை நீலத்தில் வைத்தாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டு நீல பல்பைப் பிடித்தாள். கழற்றக்கூட வேண்டாம், லேசாக அழுத்திப் பாதித் திருப்பு திருப்பினால் போதும். பல்பு அணைந்தது.

மாலையில் கீழே இறங்கிய முதல் ஆள் குழுவில் போட்டார்: நீலம் அவுட்.

அவள் கதவிடுக்கில் நின்று கேட்டாள். நீலத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அரக்கப்பரக்க இறங்கினார்கள். அவர்கள் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நீலம் போய்விட்டது என்று குழு சொன்னது, பல்பு சொன்னது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஓடினார்கள். நீலக் கம்பியில் ஒரே ஒரு வீடு மிஞ்சியது.

மெஷின் கத்தவில்லை. கணவர் முகத்தில் நிறம் இருந்தது. "என்ன மாயம் பண்ணின?" என்றார்.

"ஸ்டெபிலைசரை ரிப்பேர் பண்ணேன்."

சிவப்பிலும் மஞ்சளிலும் இப்போது எட்டு ஒன்பது வீட்டுப் பாரம். அன்றாடம் இரண்டில் ஒன்று போனது. அன்றைக்குச் சிவப்பு. எதிர்வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து, வியர்வை வழிய, செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தாள். இன்னமும் தன் திருகைத் தொடவில்லை அக்கா.

"உங்க வீட்ல ஓடுதா? அது போதும்டி. நான் மாத்தல. நீ கவலப்படாத" என்றாள் அக்கா.

"மாத்திக்கோங்கக்கா. பரவால்ல."

"கை நீட்டிச் சொன்னேனே."

நீலத்துக்கு வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வீடு நீலத்தில் எரிவது வெளியில் தெரியும். யாராவது எப்படி என்று கேட்பார்கள். அக்காவுக்குப் பொய் வராது. அவள் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, வெளிச்சம் வெளியே தெரியாதபடி திரையை இழுத்துவிட்டாள்.

அதிலிருந்து ஒருநாள்கூட மெஷின் நிற்கவில்லை. வேலையிலிருந்து வரும்போது நீல பல்பை அழுத்திப் பாதித் திருப்பு இடது பக்கம் திருப்ப வேண்டும். காலையில் பால் வாங்கப் போகும்போது, யாரும் மின்வாரியத்துக்குப் புகார் சொல்வதற்கு முன், வலது பக்கம் திருப்பி எரியவிட வேண்டும்.