வெள்ளிதோறும் வெளியாகும் ஊர்

சித்தூரணி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியிடப்படுகிறது. ராகுகாலம் முடிந்த கையோடு நகராட்சி மாடியில் உள்ள இணையப் பிரிவில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். அடுத்த வெள்ளி வரை ஊர் இருக்கும்.

முன்பெல்லாம் ஊர் அச்சில்தான் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, காலண்டரோடு சேர்த்து அடித்துவிடுவார்கள். அச்சேறிய பிறகு எதையும் திருத்த முடியாது. ஒரு வருடம் தேருக்கு ஒரு சக்கரம் விட்டுப்போனது. மூன்று சக்கரத் தேரையே வடம்பிடித்து இழுத்தார்கள். அது சுற்றிச் சுற்றி ஒரே வீதிக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த வீதிக்காரர்களுக்கு மட்டும் நல்ல தரிசனம். அதற்கப்புறம்தான் ஊரைப் பிழை பார்க்கத் தனியாக ஆள் போட்டார்கள். அப்படி வேலைக்கு வந்தவர் மேலரத வீதி புரூஃப் சார். ஊர் இணையத்துக்கு மாறியதும் அவருக்கு வேலை போய்விட்டது. பழக்கம் போகவில்லை. சிவப்புப் பேனாவும் கையுமாகத் திண்டாடிக்கொண்டு, பால் பாக்கெட்டில் உள்ளதைக்கூடத் திருத்திவிட்டுத்தான் காய்ச்சக் கொடுப்பார்.

அவர் வேலையை விட்ட இடத்தில் அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். இணையப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பொத்தானை அழுத்துகிறவளும் அவள்தான்.

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி புதுக் கருவி ஒன்று வந்துவிடும். ஊரை எழுதி, கட்டி, வெளியே விடுகிற கருவி. பக்கத்து ஊர் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டால் போதும், நம் ஊர்க்காரர்களுக்கு இருப்புக் கொள்ளாது. பழைய கருவியில் இருக்கிற ஊருக்குப் பெண் கொடுக்கக்கூட யோசித்தார்கள். சித்தூரணி ரொம்ப நாள் ‘கோபுரம்’ என்ற கருவியில் இருந்தது. உறுதியான கருவிதான், ஆனால் கனம். தினமும் காலையில் ஊர் திறந்து முழுசாக வந்து சேர நேரம் பிடிக்கும். பால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்பார். தெரு வந்தால்தானே உள்ளே போக முடியும். சில நாள் வீடு வந்துவிடும், கதவு வராது.

“எல்லாரும் சல்லடைக்குப் போயிட்டாங்க மேடம். நாம மட்டும்தான் இன்னும் கோபுரத்தைக் கட்டிக்கிட்டு அழுறோம்” என்றான் சிக்கந்தர். இணையப் பிரிவில் அவளுக்கு அடுத்த ஆள் அவன். புதுக் கருவி எது வந்தாலும் முதலில் அவன் மூக்குக்குத்தான் தெரியும்.

அவளுக்கும் ஆசைதான். மாற்றினாள்.

சல்லடை உண்மையிலேயே வேகமாக இருந்தது. காக்கை கத்துவதற்கு முன்னால் ஊர் கடைசிச் சந்து வரை வந்து நின்றது. வேகத்துக்குக் காரணம் எளிமையானது. போன வெள்ளியிலிருந்து இந்த வெள்ளிக்குள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத எதையும் சல்லடை உதிர்த்துவிடும். தேவையில்லாத சுமையை எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அதன் கொள்கை.

முதல் வாரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த விளக்குக் கம்பம் போனது. ரேஷன் கடையின் நடுப்படி போனது. மேல்படியும் கீழ்ப்படியும் இருந்தன, ஜனங்கள் காலை எட்டி வைத்து ஏறினார்கள். அடுத்த வாரம் தாலுகா ஆபீஸில் எல்லோரும் ‘பெரியசார்’ என்று கூப்பிட்டுவந்த தலைமை எழுத்தர் போனார். முப்பது வருடமாகப் பெரியசார் என்றே கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு அவர் பெயர் தெரியவில்லை. நாற்காலியில் கைக்குட்டை மட்டும் இருந்தது. அதை ஏற்கெனவே யாரோ கைக்குட்டை என்று சொல்லியிருக்க வேண்டும்.

நகராட்சி ஒலிபெருக்கியில் விதிகளை அவளே படித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உறவு சொல்வதும் பட்டம் சொல்வதும் கணக்கில் வராது. தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வதும் வராது. சந்தேகப்பட்ட தையல்காரர் ஒருவர் கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரை வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கண்ணாடி இருந்தது.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்து கூப்பிடத் தொடங்கினார்கள். பிள்ளைகளை, பக்கத்து வீட்டுக்காரர்களை, சண்டைக்காரர்களை, நாய்களை, குழாயடியை. பெயர் இல்லாதவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். சினிமா கொட்டகையின் பின்சுவருக்கு ராஜாமணி என்று பெயர். ஆயிரம் குரல்கள் ஒரே சமயத்தில் கூப்பிடும்; யாரும் பதில் சொல்வதில்லை, பதில் தேவையும் இல்லை. அது முடிந்ததும் ஊரில் பெரிய அமைதி விழும். சில பேர் அந்த நேரத்தில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள்.

சல்லடை ஒன்றும் மோசக்காரக் கருவி அல்ல. உதிர்ப்பதற்கு முன்னால் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி எச்சரிக்கை காட்டும். ஆனால் இந்தத் தொழிலில் மஞ்சள் வரியை யாரும் படிப்பதில்லை. சிவப்பு வந்தால் வெளியீடு நின்றுவிடும், அதனால் சிவப்பைப் பார்ப்பார்கள். மஞ்சள் வந்தாலும் வண்டி ஓடும். ஓடுகிற வண்டியை எவன் நிறுத்துவான்?

“மஞ்சள்தானே மேடம், விட்டுருங்க” என்பான் சிக்கந்தர். அவளும் விட்டுவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை மஞ்சளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. தனியாக இருந்ததால் கண் அதன்மேல் போய்விட்டது. பெயரைக் காட்டினால் கூப்பிட்டதாகிவிடும் என்பதால் சல்லடை பெயரைக் காட்டாது. இடத்தை மட்டும் சொல்லும்.

மேலரத வீதி, வேப்பமரத்து வீடு, ஒருவர்.

வேப்பமரத்து வீடு அவளுடைய வீடு. மகள் மதிவதனி கோயம்புத்தூரில் படிக்கிறாள். வேறு ஊர், வேறு கருவி. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் சொன்னவள் தன் வீட்டைப் பார்க்கவில்லை. அவரை அவள் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘என்னங்க’ என்பாள். மகளுக்கு அவர் அப்பா. தெருவுக்குப் புரூஃப் சார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவருடைய அம்மா ஒருவர்தான். அந்த அம்மா போன பங்குனியில் காலமாகிவிட்டார். அப்படியானால் இத்தனை வாரமும் அவர் எப்படித் தப்பினார் என்று அவள் யோசித்திருக்கலாம். பயத்தில் யாருக்கு யோசிக்க வருகிறது.

தன்னைப் பற்றி அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஏன் வரப்போகிறது? விடிந்தால் அடைந்தால் அவளைக் கூப்பிடாத ஆள் கிடையாது. ‘மேடம் எங்க தெரு இன்னும் வரலை’, ‘மேடம் குழாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே காதில் ரத்தம் வரவைத்துவிடுவார்கள்.

“மணி என்ன?” என்றாள்.

“ராகுகாலம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கு மேடம்.”

“நான் வந்துருவேன். நீ எதையும் தொடாத.”

வெளியிடாமல் விட்டுவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியிடாத ஊர் பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து மின்கட்டண அட்டையில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாகத்தான் இருந்தார். மூக்குக்கண்ணாடி நழுவி நுனிக்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. இந்த மனிதர் இல்லாமல் இந்தக் கூடத்தில் தனியாக ஒரு வேளை சோறு தன்னால் தின்ன முடியாது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபத்தைந்து வருடமாக இது தெரியாமல் எப்படி இருந்தோம் என்றும் தோன்றியது.

“இங்க பாரு, இந்நேரத்துல என்ன வந்திருக்க?” என்றார். அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். இங்க பாரு.

அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. மாமியார் தவறிய அன்று ஆஸ்பத்திரியில் மகன் பெயரைக் கேட்டபோதுகூட அவள் எழுதித்தான் காட்டினாள், வாயால் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தபடி, யாரோ மூன்றாம் மனிதரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“தவசிலிங்கம்.”

“ம்?”

“தவசிலிங்கம்” என்றாள் மறுபடியும், அவர் முகத்தைப் பார்த்து.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கோபம் வரவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிகூட இருந்தது. “காலைல கூரியர்காரன் கேட்டுக்கு வெளிய நின்னு கூப்பிட்டான் பாரு, அச்சு அசல் அதே மாதிரி இருக்கு. வாராவாரம் பேனா வாங்குறேன்ல, அவனுக்கு என் பேரு மனப்பாடம்.”

அவள் சிரித்தாள். உயிர் வந்த சந்தோஷத்தில் அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. “சாயங்காலம் சீக்கிரம் வர்றேன், ரசம் வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

ஆபீஸுக்கு வந்தபோது பன்னிரண்டு ஆகவிருந்தது. சிக்கந்தர் திரைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக இருந்தான்.

“மஞ்சள் இன்னும் போகலை மேடம்.”

அவள் குனிந்து பார்த்தாள். மேலரத வீதி, வேப்பமரத்து வீடு, ஒருவர்.

“கேஷ்ல நிக்குது” என்றாள். “நான் இப்பதான் கூப்பிட்டுட்டு வர்றேன். தானா போயிரும்.”

திரை சில சமயம் பழைய காட்சியையே பிடித்துவைத்துக்கொண்டு காட்டும். அதற்குத்தான் கேஷ் என்று பெயர். இந்தத் தொழிலில் எது சரியாக இல்லாவிட்டாலும் முதலில் அதன் தலையில்தான் பழியைப் போடுவார்கள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்துவிடும்.

“ஆமா மேடம், கேஷாத்தான் இருக்கும்” என்றான் சிக்கந்தர்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சிக்கந்தர் திரையைப் பார்த்துத் தலையசைத்தான். மஞ்சள் வரி போய்விட்டிருந்தது. எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கித் தண்ணீர் பாட்டிலில் பிழிந்தான். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி கிடப்பதைப் பார்த்து, வசதியாகப் போயிற்று என்று இழுத்துப்போட்டு அதன்மேல் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டான்.

அவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தாள். அங்கே விளக்குக் கம்பம் நின்றது, பகலிலேயே எரிந்துகொண்டு. கம்பத்துக்குக் கீழே ரேஷன் கடையின் நடுப்படி கிடந்தது. படியில் பெரியசார் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளித் தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அப்பால் தெருவும் ஜனங்களும் வழக்கம்போல இருந்தார்கள், சாத்தின ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெரிவதைப்போல.

“வாங்கம்மா, உக்காருங்க” என்று பெரியசார் நகர்ந்து இடம் விட்டார். “கைக்குட்டை இருந்தா குடுங்க. என்னோடத ஆபீஸ்லயே விட்டுட்டேன்.”

அவள் கொடுத்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரியாதைக்குக் கேட்பதுபோல, “உங்க பேரு என்னம்மா?” என்றார்.

அவள் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவந்த ஒரே ஆளான நகராட்சி ஆணையர் போன வாரம்தான் மாற்றலாகிப் போயிருந்தார்.

“நல்ல பேரு” என்றார் பெரியசார். தையல்காரரும் ஆமோதித்தார். அந்தப் பெயரை அவர்கள் இருவரும் கூப்பிட்டும் பார்த்தார்கள், இரண்டு மூன்று தடவை, நிதானமாக. உதிர்ந்தவர்கள் கூப்பிடுவது கணக்கில் வராது. அந்த விதியையும் அவள்தான் ஒலிபெருக்கியில் படித்திருந்தாள்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. ஊர் வாசலுக்கு வந்து கூப்பிடத் தொடங்கியது. பிள்ளைகளின் பெயர்கள், நாய்களின் பெயர்கள், ராஜாமணி என்ற சுவரின் பெயர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இந்தப்பக்கம் வந்து விழுந்தன. படியில் இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். தையல்காரருக்குத் தன்னைக் கூப்பிட்டதுபோல் ஒரு தடவை தோன்றியது. அதே பெயரில் ஒரு கன்றுக்குட்டி இருந்தது.

மேலரத வீதியில் தவசிலிங்கமும் வாசலுக்கு வந்தார். வேப்பமரத்தைக் கூப்பிட்டார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். மகள் வேறு ஊரில் இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று மதிவதனி என்று இரண்டு தடவை கூப்பிட்டார். இன்னும் யாரோ பாக்கி இருப்பதுபோல வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அடுப்படியில் இரண்டு தட்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்தார். மற்றதை எடுத்துச் சிவப்புப் பேனாவால் அதன்மேல் ஒரு சின்ன அடையாளம் போட்டார், அச்சில் ஒரு சொல் விட்டுப்போன இடத்தில் போடுகிற அடையாளம். அதையும் எதிரே வைத்தார்.

“இங்க பாரு” என்றார், யாருமில்லாத அடுப்படியைப் பார்த்து.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் திரும்பிப் பார்த்தாள். விளக்குக் கம்பமும் பார்த்தது.