காக்காத்திட்டு வீடு

எந்த ஆண்டு என்பதில் சந்தேகம் இருக்கிறது. எழுபத்து மூன்று என்று எழுதத்தான் கை போகிறது. எழுபத்து நான்காகவும் இருக்கலாம். இதில் வரும் பேச்சுகளில் சில அப்படியே பேசப்பட்டவை, சில இத்தனை வருடங்களில் தாமாக வந்து ஒட்டிக்கொண்டவை. எது எது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் என்பது மட்டும் நிச்சயம். அன்றைக்குத்தான் மரக்கடை ஜெயினுலாபுதீன், சதுரங்கப்பட்டினம் கால்வாய்த் துறையிலிருந்து ஒரு படகு நிறையச் சவுக்குக் கழி ஏற்றிக்கொண்டு காக்காத்திட்டுக்குப் போனார்.

பாலாறு கடலில் சேரும் இடத்தில், கழிவெளிக்கு நடுவே கிடந்த மணல்மேடு அது. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் உப்புத் தண்ணீர். பத்துப் பன்னிரண்டு பனை, கொஞ்சம் தாழம்புதர், மணல் முழுக்க அடம்பங்கொடி. அங்கே யாரும் குடியிருந்ததில்லை. இப்போது காத்தவராயனும் அவன் மனைவி குப்பம்மாவும் குடியேறப் போகிறார்கள்.

முந்தைய ஆடியில் கட்டுமரம் கரையேறும்போது அலை புரட்டி, மரம் காத்தவராயன் இடுப்பில் விழுந்தது. அதன் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. கல்பாக்கத்தில் அணு உலைக் கட்டடத்துக்கு ஆள் எடுத்தார்கள். இடுப்பு ஒடிந்தவனை யார் எடுப்பார்கள்? கரையோர மீனவர் குப்பத்தில் அண்ணன் முனிசாமி வீட்டில் உட்கார்ந்து பிறர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். ஆனால் முழங்கால் தண்ணீரில் தவழ்ந்தாவது நண்டுக்கூடு வைக்க அவனால் முடியும். குப்பத்திலிருந்து கழிவெளிக்கு இரண்டு மைல் மணலில் நடக்கத்தான் முடியாது. கழிவெளிக்கு நடுவிலேயே வீடு இருந்தால் நடக்க வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போட்டவள் குப்பம்மா.

முனிசாமி குப்பம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "சித்திரை ஒண்ணாம் தேதி வருவேன். அங்கியே குடிக்கத் தண்ணி இருந்தா இருங்க. இல்லன்னா அவனைத் தூக்கிப் படகுல போட்டுகினு போயிகினே இருப்பேன். நீ தெனம் குடத்தோட படகு தள்ளிகினு சாவறத என்னால பாக்க முடியாது."

கழியை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஜெயினுலாபுதீன் வந்தார். திரும்பவில்லை. குப்பம்மா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஒவ்வொரு கழியின் அடியையும் அவள் நெருப்பில் கரியாகும்வரை வாட்டினாள், மண்ணுக்குள் உளுக்காமல் இருக்க. வீட்டைக் கடற்கரை மேட்டில் வைக்காமல், மேட்டுக்குப் பின்னால் வைத்தாள். கடல் பக்கம் கூரையை இடுப்பு உயரத்துக்கு இறக்கினாள். காற்று வந்தால் மோதாமல் ஏறிப் போய்விடும். பனையோலை வேய்ந்து, அதன்மேல் பழைய வலையைப் போர்த்தி, நாலு பக்கமும் கல் கட்டித் தொங்கவிட்டாள். தரைக்குக் கிளிஞ்சலும் களிமண்ணும் போட்டு இடித்தாள். காத்தவராயன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிறு திரித்துக் கொடுத்தான். ஓர் ஆணிகூட அந்த வீட்டில் இல்லை.

உதவி செய்வதாக நினைத்து ஜெயினுலாபுதீன் வாசலில் கிடந்த கொடியை இழுத்தார்.

"அத்தப் புடுங்காத பாய்! அதான் தரையப் புடிச்சிகினு கீது."

"வாசலை ஏம்மா கடலைப் பார்த்து வைக்கல?"

"நாள் பூரா நாமதான் அத்தப் பாக்கறமே. வூட்டுக்குள்ள வந்து அது வேற நம்மளப் பாக்கணுமா?"

காத்தவராயன் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து ஜெயினுலாபுதீன் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் வாரம் இரண்டு முறை அவர் அங்கே போனார். மனைவி ஹபீபா, "திட்டுல என்ன புதையலா கிடக்கு?" என்று கேட்டாள். முப்பது வருடமாக மரம் விற்கிறார். அந்த மரம் என்னவாகிறது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

பங்குனி பிறந்ததும் கிணறு தோண்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்தது மதுராந்தகத்தில், ஏரிக்கரையில். அந்தப் பக்கத்தில் தண்ணீர் போதாவிட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் இறக்க ஆறு சிமெண்டு உறைகளைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்.

குப்பம்மா உறைகளைப் பார்த்தாள். "எங்கூரு கொக்கிலமேட்ல கையாலதான் ஊத்து தோண்டுவோம் பாய். முழங்கால் ஆழம்."

"முழங்கால் ஆழத்துக்குக் கோழிதாம்மா கிளறும்."

காத்தவராயனும் சேர்ந்து சிரித்தான். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது உறை இறங்கும்போதே நல்ல தண்ணீர் ஊறியது. கற்கண்டு மாதிரி இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டு உறைக்கே இவ்வளவு என்றால் ஆறுக்கு எவ்வளவு என்று ஜெயினுலாபுதீன் நினைத்தார். ஆறையும் இறக்கினார். கிணறு நெஞ்சளவு நிறைந்தது. காத்தவராயன் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

நான்காம் நாள் அவர் போனபோது குப்பம்மா ஒரு சொம்பை நீட்டினாள். வாயில் ஊற்றியதைத் துப்பினார். கடல்.

காத்தவராயன் வீட்டுக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வெயில் தாழும்வரை ஜெயினுலாபுதீன் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சித்திரைக்கு இன்னும் பதினெட்டு நாள்.

கடைசியில் அவள்தான் வாய் திறந்தாள். "உறையைத் திரும்ப எடுக்க முடியுமா பாய்?"

மறுநாள் இரண்டு ஆட்களோடு வந்து, மேலே இருந்த நான்கை எடுத்தார். மற்ற இரண்டும் வரவில்லை. குழியை மணல் போட்டு மூடினார்கள். பிறகு குப்பம்மா திட்டில் இருப்பதிலேயே உயரமான மேட்டின் அடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்து, கையால் மணலை வாரத் தொடங்கினாள். தாம்பாளம் போல அகலமாக, ஆழமில்லாமல். முழங்கால் அளவு வந்ததும் நிறுத்திவிட்டாள். மணல் கருத்தது. பிறகு மினுங்கியது. அரை மணி நேரம் அவள் அசையவில்லை. ஒரு கை அளவு தேங்கியதும் கொட்டாங்கச்சியால் மேலாக மொண்டாள்.

"நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மெதந்துகினு கீது பாய், பால் மேல ஆடை மாதிரி. ஆடைய நோவாம எடுக்கணும். நீ சட்டியையே கவுத்துட்டே."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னேனே. ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அறுபதை நெருங்கும் வயதில், யாருடைய பேச்சையெல்லாம் இப்படிச் சிரித்துத் தள்ளியிருக்கிறோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அவள் மூன்று ஊத்துகள் தோண்டினாள். இன்று ஒன்று, நாளை மற்றொன்று; எதிலும் இரண்டு குடத்துக்கு மேல் எடுக்கமாட்டாள்.

சித்திரை ஒன்றாம் தேதி முனிசாமி வந்தபோது ஜெயினுலாபுதீனும் அங்கே இருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"இன்னாடா, ஜமீன்தார் மாதிரி குந்திகினு கீறே? ஏந்திரி. உன் அண்ணி சோத்துக்கு ஒலை வச்சிட்டா."

"தண்ணி குடிங்க மாமா," என்று குப்பம்மா சொம்பை நீட்டினாள்.

முனிசாமி குடித்தான். சொம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "குப்பத்துத் தண்ணியக் கொண்டாந்து வச்சிகினு யாரை ஏமாத்துறே?"

அவள் மேட்டுக்கு நடந்தாள். அவன் பின்னால் போனான். ஊத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, தானே கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்தான். இருபது அடி தள்ளிக் கடல் இரைந்துகொண்டிருந்தது. அவன் கடலைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். பிறகு இன்னொரு முறை மொண்டு குடித்தான்.

"அப்ப நான் வெறும் படகோடதான் போவணுமா?"

"ஏன் வெறும் படகு?" என்றான் காத்தவராயன். "ரெண்டு கூடை நண்டு கீது. ஏத்திகினு போ. சாய்ங்காலம் வித்துட்டு வந்து கணக்குச் சொல்லு."

"டேய், என்னையே உனக்குக் கூலி ஆளாக்கிட்டியா!" என்று கத்திக்கொண்டே முனிசாமி கூடையைத் தூக்கினான்.

காத்தவராயனும் குப்பம்மாவும் திட்டில் ஒன்பது வருடம் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூரை மாற்றினார்கள். காத்தவராயன் அங்கேயே மஞ்சள் காமாலையில் இறந்தான். குப்பம்மா கொக்கிலமேட்டில் தங்கை வீட்டுக்குப் போய், மீன் விற்று, எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்தாள். முனிசாமி கட்டுமரத்தை விற்றுவிட்டு மகனோடு காசிமேட்டுக்குப் போனான். கால்வாயில் விறகுப் படகுகள் நின்றுபோனதும் ஜெயினுலாபுதீன் கடையை மூடிவிட்டு ஹபீபாவோடு மதுராந்தகத்துக்குத் திரும்பி அங்கே காலமானார். பிறகு வந்த ஒரு வெள்ளத்தில் முகத்துவாரம் இடம் மாறி, திட்டில் பாதி கரைந்துபோனது. மீதிப் பாதியில் யாரும் குடியிருக்கவில்லை.