மூன்று சாவி அரசாங்கம்

அரசாங்கம் என்ற வார்த்தையே ஆகாத ஒருவனுக்கு, தராசுகளுக்கு முத்திரை வைக்கிற அரசு ஆய்வாளர் அக்காவாக வாய்த்தால் அந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

அக்காவின் வேலை கடை கடையாக ஏறி இறங்குவது. பெட்டியில் கொண்டுபோகும் எடைக்கற்களைக் கடைக்காரரின் தராசில் வைத்துப் பார்ப்பாள். சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் ஒன்றும் பேசாமல் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பாள். பாதிப் பேர் அந்தப் பார்வைக்கே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், பெரும்பாலும் தனியாக நின்று வேலை பார்க்கிறவன். தனியாக நிற்பவனுக்கு யோசிக்க நேரம் அதிகம். அப்படி யோசித்து யோசித்து, உலகத்தில் நடக்கும் அத்தனை அநியாயத்துக்கும் காரணம் அரசாங்கம் இஷ்டத்துக்கு நோட்டு அடிப்பதுதான் என்ற முடிவுக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? சேமிப்பு மொத்தத்தையும் கிரிப்டோவில் போட்டுவிட்டு, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்ய ஆரம்பித்தான்.

மூன்றாவது ஆள் அக்காவின் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். தம்பிக்கு மாமா, ஆகவே நமக்கும் மாமா. நாள் முழுக்க "இப்பத் தெளிவா இருக்கா? இப்ப?" என்று மற்றவர்களைக் கேட்டே பழகியதால் தனக்கென்று ஒரு கருத்து வேண்டும் என்பதையே மறந்துபோனவர். நியாயமாகச் சொன்னால், அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு கருத்துக்கு இடமும் இல்லை.

கிரிப்டோ காயின்களுக்கான பாஸ்வேர்டைத் தம்பி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். சட்டை துவைக்கப் போனது, சீட்டும் கூடப் போனது. எப்படியோ ஈரத்தோடு அதைப் பிரித்துப் படித்துவிட்டான். ஆனால் பயந்துபோனவன் அந்த வார ஞாயிறே அக்கா வீட்டுக்கு வந்து ஓர் ஏற்பாடு செய்தான். மூன்று பேர் ஃபோனிலும் ஆளுக்கொரு டிஜிட்டல் சாவி. ஒன்று தொலைந்தாலும் பாதகமில்லை, மூவரில் எந்த இரண்டு பேர் ஒப்புதல் அழுத்தினாலும் காயின் பெட்டி திறக்கும். ஒருவர் மட்டும் அழுத்தினால் திறக்காது.

"பார்த்தியாக்கா? பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது, கவர்ன்மென்ட் கிடையாது. யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்."

"என் கையை எதிர்பார்க்கணுமே" என்றாள் அக்கா.

"அது பாதுகாப்புக்கு."

"அதைத்தானேடா நாங்களும் ஆபீஸ்ல சொல்றோம்!"

அன்று தொடங்கியதுதான். அதற்கு முன்பெல்லாம் தம்பி எப்போதாவது எட்டிப் பார்ப்பான், வந்தாலும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாவி வந்த பிறகு ஞாயிறு தவறுவதில்லை. ஏதாவது ஒப்புதல் கேட்டு வருவான். அக்கா மறுப்பாள். பிறகு சாயங்காலம்வரை உலகப் பொருளாதாரம்.

"நீ பாக்கற லிஃப்டுல வருஷாவருஷம் ஆய்வாளர் வந்து சான்றிதழ் ஒட்டறாரே, அதைக் கிழிச்சுட்டு நீ ஏறுவியா?"

"லிஃப்ட் விழுந்தா ஆள் செத்துடுவான். காசு அப்படியா?"

"காசு விழுந்து செத்தவங்களை எனக்குத் தெரியும்டா."

"சரி, நீ முத்திரை வெச்ச தராசுல திருட்டே நடக்கலையா? கிரிப்டோல எல்லாக் கணக்கும் எல்லார் கண்ணு முன்னாடியும் திறந்து கிடக்கு. ஆய்வாளரே தேவையில்ல."

"திறந்து கிடந்து என்ன பிரயோஜனம்? படிக்கத் தெரிஞ்சவன் திருடுவான், தெரியாதவன் வேடிக்கை பார்ப்பான்."

"இன்னும் கொஞ்ச வருஷம் பொறு. காய்கறிக் கடையில கூட காயின்தான் வாங்குவாங்க."

"காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. தக்காளி விலையையாவது மழையைப் பார்த்துச் சொல்லிடலாம். உன் காயின் எதைப் பார்த்து ஏறுது?"

அரசாங்கம் கிரிப்டோவுக்கு வரி போட்ட வாரம் இருக்கிறதே, அதுதான் உச்சம். இருவருமே ஜெயித்துவிட்டார்கள். "வரி போட்டாச்சுன்னா எங்களை ஏத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்று துள்ளிக் குதித்து வந்தான் தம்பி. "வரி கட்டற அன்னைக்கே உன் சுதந்திரம் காலி" என்று வாசலிலேயே வரவேற்றாள் அக்கா. ஒரே செய்தியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வெற்றி விழா கொண்டாடியதை மாமா வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாய்ப் படம் போட்ட காயினுக்கு மாற வேண்டும் என்று தம்பி கேட்டான், மறுத்தாள். ஏதோ ஒரு கம்பெனியில் போட்டால் இரட்டிப்பாகும் என்றான், அதையும் மறுத்தாள். அந்தக் கம்பெனி பிறகு ஒரேயடியாக மூழ்கியபோது, சொல்லிக் காட்டும் உரிமையை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பியின் நல்லதுக்குத்தான் மறுத்தாள். ஆனால் மறுப்பதில் ஒரு ருசி கண்டுவிட்டாள் என்பதையும் நாம் மறைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். கொஞ்ச காலமாக அக்கா திருட்டுத்தனமாகக் காயின் விலை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பஸ்ஸில், எடைக்கல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். மத்தியானம் சாப்பிடும்போதும் ஒரு பார்வை. கூட வேலை பார்க்கும் பெண் "என்ன, அடிக்கடி ஃபோன்?" என்று கேட்டால் "மழை வருமான்னு பாக்கறேன்" என்பாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். விலை ஏறினால் அன்று கடைக்காரர்களிடம் சிரித்துப் பேசுவாள், இறங்கினால் சின்னக் கடைக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிறு தம்பி வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், "அக்கா, எல்லாத்தையும் வித்துடப் போறேன்" என்றான்.

கையிலிருந்த தட்டை அக்கா மேசையில் வைத்தாள்.

விஷயம் இதுதான். லிஃப்ட் கம்பெனி முதலாளி ஓய்வெடுக்கப் போகிறார். கம்பெனியில் பாதிப் பங்கைத் தம்பிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பங்கு இன்னொரு மெக்கானிக்குக்குப் போய்விடும். அதிலும் அந்தப் பெரியவர் காயின் என்று சொல்ல வாயெடுத்ததுமே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். ஒழுங்காக விற்று, வரிக்கு எடுத்து வைத்துவிட்டு, பேங்க் வழியாக வர வேண்டுமாம்.

"பேங்க் வழியாவா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"வரி கட்டியா?"

"கிண்டல் பண்ணாதக்கா. அழுத்து." அவன் தன் ஃபோனில் முதல் ஒப்புதலை அழுத்திவிட்டு, அவள் ஃபோனை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

இத்தனை வருஷம் வாய் ஓயாமல் எதைச் சொன்னாளோ அதை அவனே வந்து கேட்கிறான். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் அழுத்தியிருப்பார்கள். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா?

"இப்பப் போய் யாராவது விப்பாங்களா? இன்னும் ஏறும்டா!"

தம்பிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "யாரு பேசறது? நீயா?"

"பெரிய பெரிய பேங்கெல்லாம் வாங்குது. கொஞ்ச வருஷத்துல எல்லாக் கடையிலயும் வந்துடும். அப்ப உக்காந்து அழுவே."

"காலையில ஒரு விலை சாயங்காலம் ஒரு விலைன்னு சொன்னது யாரு?"

"அதுக்காக? நீண்ட காலப் பார்வை வேணும்டா."

நீண்ட காலப் பார்வை! அவன் அவளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை அது. பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? ஆண்டுக்கணக்காக இழுத்த கயிற்றை இருவரும் முனை மாற்றிப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள். அரசாங்கத்தின் கண்காணிப்பு இல்லாத பணத்தை எப்படி நம்புவது என்று தம்பி கேட்டான். எல்லாக் கணக்கும் திறந்து கிடக்கிறதே, அதைவிட என்ன கண்காணிப்பு வேண்டும் என்று கேட்டாள் அக்கா. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, பேசுவது யார் யார் என்று உறுதி செய்துகொண்டார்.

அக்கா மறுத்தது விலைக்காக இல்லை. அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்லிவிடுகிறேன். பெட்டி காலியானால் சாவிக்கு வேலையில்லை. சாவிக்கு வேலையில்லை என்றால் இவன் எதற்காக ஞாயிறுதோறும் வரப் போகிறான்? பாதிக் கம்பெனிக்கு முதலாளி வேறு. பழையபடி எப்போதாவது வந்து நாற்காலி நுனியில் உட்காருவான். அதை நினைக்கத்தான் அவளால் முடியவில்லை. ஆகவே "முடியாது, அழுத்த மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"நாளைக்குப் பணம் கட்டலைன்னா பங்கு போயிடும்க்கா. ரொம்ப நாள் ஆசை" என்றான் தம்பி. குரல் இறங்கிவிட்டது. பிறகு வாசலுக்குப் போய், குனிந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தான்.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். "இப்பவும் என்னை அழுத்தச் சொல்ல மாட்டியா?" என்றார் தம்பியைப் பார்த்து.

அக்கா திரும்பினாள். "உங்களையா?"

"ரெண்டு பேர் போதும்தானே? அவனும் நானும் ரெண்டு பேர்தானே? நாய் காயின் சமயத்துலயே சொன்னேன், எதுக்கு அக்காகிட்ட திட்டு வாங்கறே, நான் அழுத்தறேன்னு. ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன். வேண்டாம்னுட்டான்."

ஊரிலுள்ள தராசையெல்லாம் சரிபார்க்கிற அக்காவின் மூளைக்கு இந்தச் சின்னக் கணக்கு இத்தனை நாள் எட்டவேயில்லை. தன்னைக் கேட்காமல் மாமா ஒரு விரலை அசைப்பார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை, அதுதான் காரணம்.

"என்னைக் கேக்காம அழுத்தியிருப்பீங்களா?"

"கேட்டா விட்டிருக்க மாட்டியே" என்றார் மாமா.

அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அவள் வாசலுக்குப் போனாள். தம்பி ஷூ கயிற்றைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன்டா? யார் அனுமதியும் வேண்டாம்னுதானே இதுல போய் விழுந்தே? கவர்ன்மென்டே வேண்டாம்னியே?"

"கவர்ன்மென்ட்தான் வேண்டாம்னேன். அக்கா வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

அவ்வளவுதான். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் அவள் முயற்சி செய்யவில்லை.

"விலை ஏறும்னு சொன்னதெல்லாம் சும்மாடா. ஏறுமோ இறங்குமோ, யாருக்குத் தெரியும்? காயினையும் வித்துட்டா நீ இங்க வர மாட்டியேன்னு இருந்துச்சு."

"போக்கா" என்றான் தம்பி.

அவள் உள்ளே போய் ஃபோனை எடுத்தாள். திரையில் கேட்டதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தாள், அது தொழில் பழக்கம். பிறகு அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி காலி என்று காட்டியது.

"வரிக்குத் தனியா எடுத்து வெச்சுடு" என்றாள்.

"சரிக்கா."

சரிக்கா! அவள் சொன்ன எதற்கும் அவன் அதுவரை மறுபேச்சில்லாமல் சரி சொன்னதேயில்லை. அதன் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவன் நிலைப்படியில் சாய்ந்து ஃபோனைப் பார்த்தான். அவள் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து மாமா பார்த்ததில்லை. அவருக்கு அது சகிக்கவில்லை.

"ஒரு சந்தேகம்" என்றார். "அரசாங்கமே சொந்தமா டிஜிட்டல் காசு விடப் போகுதுன்னு பேச்சு அடிபடுதே. அது வந்துட்டா ஜெயிச்சது யாரு? நீயா, அவனா?"

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும்.

"நீ எப்படிடா? காசை விடறது அரசாங்கம்!"

"ஐடியா யாரோடது? எங்களைப் பார்த்துக் காப்பியடிச்சு விடறாங்க. தோத்தவன்தானே காப்பியடிப்பான்?"

"காப்பியா? ஒழுங்கா முத்திரை வெச்சு விடறாங்கடா!"

"அந்த முத்திரையாலதான் நீ எங்கே என்ன வாங்கினேன்னு கவர்ன்மென்டுக்குத் தெரியப் போகுது. இதைக்கூட யோசிக்க மாட்டியா?"

"தெரிஞ்சா என்ன? திருடனுக்குத்தான் பயம்."

"மாமா, இவ பேசறதைக் கேட்டீங்களா?"

மாமா கேட்கவில்லை. காபி போடச் சமையலறைக்குப் போய்விட்டார். வாசலில் நின்றபடி கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன தம்பி, ஷூவைக் காலாலேயே உதறிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.