முதல் கோப்பை

மாவ்ராவுக்கு அந்தக் கருவியைக் கண்டாலே ஆகாது. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் கருவி அது. ஏரியை ஆராய வந்த பொறியாளர் பெண் அதை மாவ்ராவிடம் கொடுத்து, வாரா வாரம் அளந்து போனில் சொல்லச் சொல்லியிருந்தாள். போன வருஷப் புயலில் கடல் கரையேறி ஏரிக்குள் புகுந்துவிட்டது. வடகோடிப் பனிக்கடலோரத்தில் இருந்த அந்த ஊரே குடிப்பது இந்த ஒரு ஏரியைத்தான். அது கெட்டுவிட்டதென்றால் ஊரைக் காலி செய்துகொண்டு ஆற்றின் மேல்பக்கம் போய்க் குடியேற வேண்டியதுதான்.

மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடலாம். மாவ்ரா எதை எடுத்துக்கொண்டு போவாள்? அவள் மகன் அங்கையாக் நாலு வருஷம் முன்பு சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குப் போன இடத்தில் படகு கவிழ்ந்து செத்தவன். உடல் கிடைக்கவில்லை. அவனுக்கென்று இருப்பது இந்தக் கரை மட்டும்தான்.

அதனால் குளிர்காலம் முழுக்கக் கருவி உப்பு, உப்பு என்றே காட்டியபோது, அவள் கருவியைத்தான் திட்டினாள். எல்லா வீட்டிலும் ஏரிப் பனிக்கட்டியை வெட்டி வந்து உருக்கித்தான் தேநீர் போட்டார்கள். அதில் துளி உப்புக் கரிக்கவில்லை.

"தண்ணி நல்லாத்தாம்மா இருக்கு. உன் மெஷினுக்குத்தான் குளிர் ஒத்துக்கல" என்று பொறியாளரிடம் சொன்னாள்.

அந்தப் பெண்ணும் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். தண்ணீர் உறையும்போது உப்பைக் கீழே தள்ளிவிடுமாம். மேலே கட்டி நன்றாக இருக்கும், அடியில் நிற்பது கெட்டுக் கிடக்கும். மாவ்ரா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஊர்ச்சபைத் தலைவர் இவானும், நாக்கு பொய் சொல்லுமா என்று அவள் பக்கமே பேசினார். கடைசியில், பனி உருகியதும் இன்னொரு முறை அளந்துவிட்டு முடிவெடுப்பது என்று ஆயிற்று.

பனி உருகியது. அதே வாரம் பக்கத்து வீட்டு ஃபெக்லா, நகரத்து ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்துவிட்டு மகளோடு திரும்பி வந்தாள். அங்கையாக் போன பிறகு பிறந்த குழந்தை அது. அவன் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே ரெட்டைச் சடை போட்ட அந்த மூன்று வயதுப் பெண், மாவ்ராவுக்கு மகன். செத்தவர் பெயரை வைத்த பிள்ளை செத்தவரேதான் என்பது ஊர் வழக்கம்; யாருக்கும் அது விநோதமில்லை. செத்தவர்களுக்குத் தாகம் அதிகம். அவர்கள் பெயரைச் சுமக்கிற பிள்ளை குடித்தால் அவர்களுக்குப் போய்ச் சேரும். உப்புத்தண்ணீரைக் குடித்துச் செத்தவனின் தாகத்தைக் கேட்கவா வேண்டும்? பனி போனதும் ஏரியில் மொள்ளும் முதல் கோப்பை அவனுக்குத்தான். அதுவரை மாவ்ரா அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் வாயில் வைக்கமாட்டாள்.

ஏரிக்கரைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஃபெக்லா பின்னாலேயே வந்தாள்.

"வந்ததும் வராததுமா என் பொண்ணத் தூக்கிட்டியே அக்கா."

"பெத்தது நீ. பேரு என்னோடது" என்றாள் மாவ்ரா. கோப்பையை மொண்டு குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். "குடிடா மகனே. ரொம்ப நாளாச்சு இல்ல?"

குழந்தை ஒரு வாய் குடித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பியது.

"உப்பு."

இன்னொரு வாய் குடிக்கச் சொல்லிக் கெஞ்சினாள் மாவ்ரா. குழந்தை கோப்பையைத் தள்ளிவிட்டது. அப்புறம்தான் அவள் குடித்துப் பார்த்தாள். கடல்தான். கடலேதான்.

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். தாகத்தோடு வந்த பிள்ளைக்கு, அவனைக் கொன்ற தண்ணீரையே தன் கையால் புகட்டியிருக்கிறாள். வாய்விட்டு அழுதாள். ஃபெக்லா குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பொறியாளரைப் போனில் கூப்பிட்டு, ஏரி கெட்டுவிட்டது என்றாள். கருவி எவ்வளவு காட்டியது என்று அந்தப் பெண் கேட்டாள். கருவி பைக்குள்ளேயே கிடந்தது.

"என் பையன் குடிச்சுப் பாத்துட்டாம்மா. ஆத்துக்கு மேல தண்ணி எப்படி இருக்கு?"

அங்கே நல்ல தண்ணீர்தான், கடல் அவ்வளவு தூரம் ஏறாது என்றாள் அவள்.

மாவ்ரா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள்.

"அப்ப அங்கயே போயிடறோம். அவனுக்குத் தாகமா இருக்கு."